பழைய டென்னிஸ் (Dennis) தீயணைப்பு வண்டி: வாங்கியபின் அதன் வரலாற்றைத் தேடுவது எப்படி?

பிரிட்டனில் ஓய்வுபெற்ற தீயணைப்பு வண்டி ஒன்றை வாங்கியவருக்கு முதலில் எழும் ஆசை, அதற்குப் பளபளவென்று சிவப்பு வண்ணம் பூசிவிட வேண்டும் என்பதுதான். அந்த வேலையைச் சில மாதங்களாவது தள்ளிப்போடுங்கள். வண்டி எந்த ஊரில், யாருடைய பொறுப்பில் ஓடியது என்பதற்கான சான்றுகளில் பல அந்தப் பழைய பூச்சிலேயே இருக்கின்றன. தேய்த்து எடுத்துவிட்டால் அவை எந்தக் காப்பகத்திலும் திரும்பக் கிடைக்காது. இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டில் இயங்கிய டென்னிஸ் நிறுவனம் 1950களில் தயாரித்த, எட்டு சிலிண்டர் ரோல்ஸ் ராய்ஸ் பெட்ரோல் எஞ்சின் கொண்ட எஃப் 12 வகை வண்டியை இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

முதலில் வண்டியையே படியுங்கள். இருட்டிய பிறகு ஒரு டார்ச் விளக்கைக் கதவின் பக்கவாட்டில் ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தால், மேலே பூசிய சிவப்புக்கு அடியில் பழைய எழுத்துகளின் ஓரங்கள் மெல்லிய மேடாக நிழல் காட்டும். அதைப் படமெடுத்து, தாளில் பிரதியெடுத்துக்கொண்ட பிறகு, எழுத்தில்லாத ஒரு மூலையில் நுண்ணிய உப்புத்தாளை நீரில் நனைத்து, நாணய அளவில் வட்டமாகத் தேயுங்கள். பூச்சுகள் ஒன்றைச் சுற்றி ஒன்றாக வளையங்களாகத் தெரியும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்ந்த நிலையில் ஒருபோதும் தேய்க்கக் கூடாது. போர்க்காலத்தில் தீயணைப்பு வண்டிகள் சாம்பல் நிறத்துக்கு மாற்றப்பட்டன. ஆகவே இன்னும் பழைய வண்டியானால் அந்த நிறமும் வளையங்களுக்கு இடையில் தென்படலாம்.

கதவில் இரண்டு பெயர்கள் அடுக்காகத் தெரிந்தால் 1974 ஏப்ரல் 1 என்ற தேதியை நினைவில் கொள்ளுங்கள். 1948 ஏப்ரல் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் தீயணைப்புப் பணி கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) மன்றங்களிடமும் பெரிய நகரங்களின் மன்றங்களிடமும் இருந்தது. 1974இல் நடந்த உள்ளாட்சி மறுசீரமைப்பில் பல நகரத் தீயணைப்புப் படைகள் பெரிய படைகளோடு இணைக்கப்பட்டு, அவற்றின் பெயர்கள் வண்டிக் கதவுகளிலிருந்து மறைந்தன. அடியில் நகரத்தின் பெயரும் மேலே கவுண்டியின் பெயரும் இருந்தால், வண்டி அந்த மாற்றத்தைத் தாண்டியும் பணியில் இருந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம். கூரையிலும் பின்புறத்திலும் அடைக்கப்பட்ட ஆணித்துளைகளையும் விட்டுவிடாதீர்கள். பெரிய சக்கரங்கள் பூட்டிய மர ஏணியைச் சுமந்த வண்டியா, சாதாரண ஏணி வைத்திருந்த வண்டியா என்பதை அவை சொல்லும்.

அடுத்தது எண்கள். 1974 வரை உள்ளாட்சி மன்றங்களே வாகனங்களைப் பதிவு செய்ததால், பதிவு எண்ணின் எழுத்துகள் ஊரைக் காட்டும்; கேடபிள்யூ என்பது பிராட்ஃபோர்டுக்கு உரியது. ஆனால் பதிவு எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். அழகான பழைய எண்களுக்கு நல்ல விலை கிடைப்பதால் அவற்றைப் பிரித்து விற்றுவிட்டு வண்டிக்கு வேறு எண் வாங்கும் வழக்கம் அங்கே உண்டு. வண்டியின் அடிச்சட்டத்துக்கு உரிய சேசிஸ் எண்ணே உறுதியான ஆதாரம். தகட்டில் உள்ளதும் அடிச்சட்டத்தில் பொறித்துள்ளதும் ஒன்றுதானா என்று அழுக்கைத் துடைத்துப் பாருங்கள்.

எண்கள் கிடைத்ததும் காப்பகங்களுக்கு எழுதலாம். டென்னிஸ் நிறுவனத்தின் ஆவணங்கள் வோக்கிங்கில் உள்ள சரே வரலாற்று மையத்தில் இருக்கின்றன. பழைய வாகனப் பதிவேடுகள் பலவற்றை டிராய்ட்விச்சில் இயங்கிய கிட்ஹெட் அறக்கட்டளை பாதுகாத்து வந்தது; அது இப்போது 'தி பஸ் ஆர்கைவ்' என்ற பெயரில் இயங்குகிறது. இவற்றைவிட எனக்குப் பயன் மிகுந்ததாகத் தோன்றுவது, அந்தந்தக் கவுண்டி ஆவணக் காப்பகத்தில் உள்ள, மன்றத்தின் தீயணைப்புக் குழுவின் கூட்டக் குறிப்புகளே. எந்த வண்டி வாங்குவது, என்ன விலை, பழையதை எப்போது கழிப்பது என்பதெல்லாம் அங்கேதான் விவாதிக்கப்பட்டன. அதே மாதங்களின் உள்ளூர்ச் செய்தித்தாள்களைப் புரட்டினால், புதிய வண்டியின் முன் வீரர்கள் நிற்கும் படமும் கிடைக்கக்கூடும்.

ஓய்வுபெற்ற வீரர்களைச் சந்திக்கும்போது, "இந்த வண்டி உங்கள் நிலையத்தில்தானே இருந்தது?" என்று கேட்காதீர்கள், அன்பினால் ஆமென்று சொல்லிவிடுவார்கள். படத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். கியர் மாற்றுவது எப்படி இருந்தது, மணியை யார் அடிப்பார் என்று அவர்களே தொடங்குவார்கள். சொன்னவர், சொன்ன நாள் இரண்டையும் குறித்து, ஆவணத்தில் கண்டதையும் வாய்மொழியாகக் கேட்டதையும் தனித்தனியே வையுங்கள்.

பராமரிப்பில் மூன்றை மட்டும் வலியுறுத்துவேன். குளிர்காலத்துக்கு முன் தொட்டியிலும் பம்பிலும் உள்ள நீரை முழுவதும் வடித்துவிட வேண்டும், ஏனெனில் உறைந்த நீர் பம்பின் உலோக உறையைப் பிளந்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும் என்பதால் அவற்றை மாற்றிவிடுங்கள். பிரேக் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் அந்தத் தூசியை ஊதவோ பெருக்கவோ கூடாது. கழற்றும் ஒவ்வொரு பழைய பாகத்திலும், அது இருந்த இடத்தையும் கழற்றிய நாளையும் எழுதிய அட்டையைக் கட்டி ஒரே பெட்டியில் வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் அந்தப் பெட்டியும் உங்கள் குறிப்பேடும் வண்டியோடு போகட்டும்.