இசைப் பகிர்வுக் குழுக்களில் சேருகிறவர்கள் செய்யும் தவறுகள்

அழைப்பு இருந்தால்தான் சேர முடியும் என்கிற இசைப் பகிர்வுக் குழுக்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "அங்கே எல்லாப் பாட்டும் சும்மா கிடைக்குமாமே" என்பார்கள். முதல் தவறு இந்த நினைப்புதான். சும்மா பாட்டு கிடைக்கும் இடங்களுக்கு இணையத்தில் என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. அப்படியிருந்தும் 2004 முதல் 2007 வரை இங்கிலாந்திலிருந்து நடந்த 'ஓய்ங்க்' குழுவில் ஓர் அழைப்புக்காக ஆட்கள் காத்துக் கிடந்தார்கள். 'நைன் இஞ்ச் நெயில்ஸ்' ராக் இசைக்குழுவின் ட்ரென்ட் ரெஸ்னரே தனக்கு அங்கே கணக்கு இருந்ததாகப் பேட்டியில் சொன்னார். உலகின் மிகச் சிறந்த இசைத்தட்டுக் கடை போல அது இருந்ததாம். அந்த ஒப்பீடு சரியானது. நல்ல கடைக்காரர் வைத்திருப்பதைப் போல, ஒரே ஆல்பத்தின் பழைய இசைத்தட்டு, ஜப்பான் பதிப்பு, பின்னாளில் மெருகேற்றிய பதிப்பு எல்லாம் தனித்தனியாக, பட்டியல் எண்ணோடு அங்கே இருந்தன. அந்த அக்கறைதான் ஆட்களை இழுத்தது. இது புரியாமல் சேருகிறவர்கள்தான் மற்றத் தவறுகளையும் செய்கிறார்கள்.

அவற்றில் பெரியது, எம்பி3 கோப்பை, தரம் குறையாமல் ஒலியைச் சேமிக்கும் கோப்பு வகையான எஃப்லாக் ஆக மாற்றி 'அசல் தரம்' என்று பதிவேற்றுவது. கெட்ட எண்ணத்தில் செய்கிறவர்கள் குறைவு. தெரியாமல் செய்கிறவர்களே அதிகம். எம்பி3 தன் அளவைச் சுருக்குவதற்காக ஒலியின் ஒரு பகுதியைத் தூக்கி எறிந்துவிடுகிறது. அதை எஃப்லாக் ஆக்கினால் கோப்பு பெரிதாகும், எறிந்தது திரும்பாது. கறந்த பால் மடி ஏறாது என்பது ஒலிக்கும் பொருந்தும்.

இதைக் காதை மட்டும் நம்பிக் கண்டுபிடிப்பது கடினம். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் படத்தைத் திறந்து பாருங்கள். சிடியில் ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள் இருப்பதால், ஒலி 22 கிலோஹெர்ட்ஸ் வரை போகலாம். 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) எம்பி3 என்றால் பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸ் அருகிலும், 320 என்றால் 20 அருகிலும் படம் கத்தியால் வெட்டியது போல நின்றுவிடும். 2007இல் ஓய்ங்க் மூடப்பட்ட கையோடு பிறந்த 'வாட்.சிடி' குழுவில் சேர நேர்காணல் இருந்தது. அதில் இதைத்தான் துருவித் துருவிக் கேட்டார்கள். பரீட்சைக்குப் படிப்பது போல இதற்குப் படித்துவிட்டுப் போனார்கள். நம் ஊர் சேகரிப்பாளர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். பழைய கேசட் பதிவிலும் மேல் பகுதி காலியாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே ஒலி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து மறையும், நேர்கோடாக வெட்டுப்படாது. இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல பதிவைப் போலி என்று ஒதுக்குவதும் நடக்கிறது.

அப்புறம் விகிதம். நீங்கள் கொடுத்ததை எடுத்ததால் வகுத்து வரும் எண் அது. சேர்ந்த அன்றே ஐம்பது ஆல்பங்களை இறக்கிக்கொண்டால் அது அதலபாதாளத்துக்குப் போய்விடும். எல்லோரிடமும் இருப்பதைத் திருப்பிக் கொடுக்கவும் ஆள் கிடைக்காது. யாரிடமும் இல்லாத ஒன்றைக் கொண்டுவருகிறவருக்குத்தான் மதிப்பு.

காசு கொடுத்து அழைப்பு வாங்காதீர்கள். யார் யாரை அழைத்தார்கள் என்பது கிளை கிளையாகப் பதிவாகியிருக்கும்; பிடிபட்டால் அழைத்தவர் கணக்கும் சேர்ந்தே போகும்.

கதவு மூடியிருப்பதால் சட்டம் உள்ளே வராது என்று நம்புவது இன்னொரு தவறு. ஓய்ங்க் 2007 அக்டோபரில் போலீஸ் சோதனையோடு முடிந்தது. அதை நடத்தியவர் 2010 ஜனவரியில்தான் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். வாட்.சிடியின் சர்வர்கள் 2016 நவம்பரில் பிரான்சில் கைப்பற்றப்பட்டன. தளத்தின் தரவுகளையெல்லாம் அழித்துவிட்டதாக நடத்தியவர்கள் அறிவித்தார்கள். பாடல்கள் உறுப்பினர்களின் கணினிகளில் இருந்தன. ஆனால் எந்தப் பதிப்பு எது, எதிலிருந்து எடுத்தது என்று ஒன்பது வருடம் பலர் உட்கார்ந்து எழுதிய பட்டியல் ஒரே நாளில் போனது. எனக்கு இன்றும் மனம் ஆறாத இழப்பு அது. தங்களுக்கென்று ஒரு குறிப்பும் எடுத்து வைக்காதவர்கள் அன்று தவித்துப்போனார்கள்.

பயமில்லாத வழியும் உண்டு. 'கிரேட்ஃபுல் டெட்' என்ற அமெரிக்க ராக் இசைக்குழு 1984இலேயே தன் கச்சேரிகளில் பதிவு செய்கிறவர்களுக்கென்று தனி இடம் ஒதுக்கியது. 1998இல் தொடங்கிய 'இட்ரீ' குழு, அனுமதி தந்த கலைஞர்களின் கச்சேரிகளைத் தரம் குறையாமல் பகிர்ந்துகொண்டது. 2002 முதல் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகம் அவற்றைச் சேமித்து வருகிறது. காசுக்கு விற்கக் கூடாது என்பது அங்கே அடிப்படை விதி.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் செய்யும் தவறு, விவரம் இல்லாமல் ஒலியை மட்டும் பகிர்வது. எங்கள் வீட்டில் இருந்த கர்நாடகக் கச்சேரி கேசட்டுகளில் வித்வானின் பெயரும் 'டிசம்பர்' என்ற சொல்லும்தான் இருக்கும். எந்த வருடம், எந்தச் சபா, பக்கவாத்தியம் யார், ஒன்றும் இருக்காது. டேப்பை மிச்சம் பிடிக்கத் தனி ஆவர்த்தனத்தையே விட்டிருப்பார்கள். அப்படியொரு கேசட் உங்களிடம் இருந்தால், கலைஞரிடமோ குடும்பத்தாரிடமோ அனுமதி கேளுங்கள். கிடைத்த பிறகு இரைச்சலை நீக்குகிறேன் என்று கை வைக்காமல் முழுதாகக் கணினிக் கோப்பாக மாற்றுங்கள். தெரிந்ததை எழுதுங்கள். தெரியாததை ஊகித்து நிரப்பாமல் 'வயலின் யாரென்று தெரியவில்லை' என்றே போடுங்கள். கேட்கிற யாராவது ஒருவர், அந்த வில் போகிற போக்கை வைத்தே பெயரைச் சொல்லிவிடுவார்.