வீடியோ ஆடுகிறதா? கிம்பல் வாங்கும் முன் லென்ஸைப் பாருங்கள்

வீடியோ ஆடுகிறது என்றதும் எல்லோரும் தேடுவது கேமராவை மோட்டார்களால் நிலைநிறுத்தும் கைப்பிடியான கிம்பலைத்தான். ஆட்டம் எந்த வகை என்று பார்க்காமல் பணத்தை இறக்குவதுதான் இந்தத் தொழிலில் அதிகம் நடக்கும் தவறு. எடுத்த கிளிப்பை சத்தத்தை அணைத்துவிட்டு ஒருமுறை பெரிய திரையில் பாருங்கள். நின்ற இடத்திலேயே படம் பொடிப்பொடியாக நடுங்கினால், அது கை நடுக்கம். நடக்கும்போது ஃபிரேம் முழுக்க ஏறி இறங்கினால், அது கால் செய்கிற வேலை. கேமராவைச் சட்டென்று திருப்பும்போது மண்டபத்துத் தூண்கள் சாய்ந்தால், சென்சார் படத்தை வரிவரியாகப் படிப்பதால் வருவது. மெதுவாகத் திருப்புவதைத் தவிர அதற்குப் பெரிய மருந்து இல்லை. ஃபிரேம் நிற்கிறது, ஆனால் விளிம்புகள் மட்டும் விட்டுவிட்டு மங்குகின்றன என்றால் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் எவ்வளவு நேரம் ஒளி வாங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கிம்பல் அடக்குவது சுழற்சியை மட்டும்தான். கேமரா அப்படியே மேலே போய்க் கீழே வருவதை மூன்று மோட்டார்களாலும் தடுக்க முடியாது. முழங்காலைச் சற்று மடக்கி, குதிகாலை முதலில் வைத்து, பாதத்தை உருட்டி நடந்தால்தான் அது அடங்கும். கிம்பல் வாங்கிய பிறகும் படம் துள்ளுகிறது என்பவர்களில் பெரும்பாலோருக்குப் பிரச்சினை இதுதான்.

50 எம்எம் ஆசை

விலை குறைவு, பின்னணி அழகாக மங்கும் என்று முதல் லென்ஸாக 50 எம்எம் எஃப் 1.8 வாங்குவார்கள். (எம்எம் கூடினால் காட்சி குறுகும்; எஃப் எண் குறைந்தால் லென்ஸ் துவாரம் அகலும்.) போட்டோவுக்கு அருமையான லென்ஸ். கையில் பிடித்து வீடியோ எடுக்க, முழு ஃபிரேமைவிடச் சின்ன சென்சார் கொண்ட ஏபிஎஸ்-சி கேமரா பாடியில் இதைவிடக் கஷ்டமான தேர்வு இல்லை. காட்சி, முழு ஃபிரேமில் 75 முதல் 80 எம்எம் லென்ஸ் காட்டும் அளவுக்குக் குறுகிவிடும். கை ஆட்டமும் அதே அளவுக்குப் பெரிதாகத் தெரியும். கேனானின் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸில் நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷன் கிடையாது. கேனான் ஆர்50, ஆர்10, சோனி இசட்வி-இ10, ஏ6400 பாடிகளிலும் சென்சார் ஸ்டெபிலைசேஷன் கிடையாது. ஆக, நடுக்கத்தைத் தாங்க எதுவுமே இல்லை.

ஃபோகஸும் கைவிடும். ஏபிஎஸ்-சியில் 50 எம்எம், எஃப் 1.8, ஆள் 2 மீட்டரில் நின்றால் கூர்மையாக இருக்கும் ஆழம் சுமார் 11 செ.மீ. மூச்சு விடும்போது உடம்பு முன்னும் பின்னும் அசைவதே அதில் பாதியைத் தின்றுவிடும். எஃப் 4 வைத்தால் 25 செ.மீ. கிடைக்கும். தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் கை கூர்மையாகவும் பெண்ணின் முகம் மங்கலாகவும் வந்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. கையில் பிடிக்கும் வேலைக்கு முழு ஃபிரேம் கணக்கில் 24 முதல் 35 எம்எம். அதாவது ஏபிஎஸ்-சியில் 16 முதல் 23 எம்எம்.

லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணை நம்புவதற்கு முன் பாடி 4கேயில் ஃபிரேமின் ஓரங்களை எவ்வளவு வெட்டுகிறது என்று பாருங்கள். இங்கே பலரிடம் இருக்கும் கேனான் 200டி மார்க் 2 நல்ல உதாரணம். அதன் 4கேயில், முழு ஃபிரேமோடு ஒப்பிட்டால் மொத்த வெட்டு சுமார் 2.6 மடங்கு. கேமராவோடு வரும் கிட் லென்ஸின் 18 எம்எம் அங்கே 47 எம்எம் போல ஆகிவிடும், ஆட்டோஃபோகஸும் தளர்ந்துவிடும். அந்த பாடியில் ஃபுல் எச்டியில் எடுப்பதே புத்திசாலித்தனம். 4கேதான் வேண்டும் என்றால் ஸ்டெபிலைசேஷன் உள்ள 10-18 எம்எம் லென்ஸைப் போடுங்கள். 10 எம்எம் சுமார் 26 ஆகும். கேமராவுக்குள் இருக்கும் மின்னணு ஸ்டெபிலைசேஷனும் ஃபிரேமை மேலும் வெட்டித்தான் வேலை செய்யும். அதையும் கணக்கில் சேர்த்து லென்ஸ் தேர்ந்தெடுங்கள்.

பாடி ஸ்டெபிலைசேஷனுக்கு விளம்பரத்தில் போடும் "8 ஸ்டாப்" என்பது போட்டோவின் கணக்கு. நின்ற இடத்தில் ஒரு ஸ்டில்லை எவ்வளவு மெதுவான ஷட்டரில் எடுக்கலாம் என்பதை அது சொல்கிறது. நடந்துகொண்டே எடுக்கும் வீடியோவைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பாடி ஸ்டெபிலைசேஷனோடு 16 எம்எம்முக்குக் கீழே அகலமான லென்ஸ் போட்டு நடந்தால் படத்தின் நடு நிற்கும், நான்கு மூலைகளும் ரப்பர் போல இழுபடும். சென்சார் நகர்ந்து சரிசெய்யும்போது மூலையில் இருக்கும் காட்சி நடுவைவிட அதிகம் நீள்வதால் வருவது இது. எடிட்டிங்கில் போகாது. அகலமான லென்ஸோடு நடக்க வேண்டிய ஷாட்டுக்குத்தான் கிம்பல். அப்போது பாடி ஸ்டெபிலைசேஷனை அணைத்து ஒன்று, போட்டு ஒன்று என்று இரண்டு முறை எடுத்துப் பாருங்கள்.

ஷட்டர், டியூப்லைட், வெயில்

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் வினாடிக்கு 100 முறை துடிக்கும். கேமராவை வினாடிக்கு 30 ஃபிரேம், 1/60 வினாடி ஷட்டரில் விட்டுவிட்டு மண்டபத்துக்குள் நுழைந்தால் சுவரில் இருட்டுப் பட்டைகள் மெதுவாக ஏறிக்கொண்டே இருக்கும். மெனுவில் PAL (50 ஹெர்ட்ஸ் ஊர்களுக்கான வீடியோ முறை) அமைப்புக்கு மாற்றி 25 ஃபிரேம், 1/50 வையுங்கள். 50 ஃபிரேமுக்கு 1/100. மேடை அலங்கார எல்இடிகள் எல்லாம் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது; முதல் நாள் மாலையே பத்து வினாடி எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு. மின்னணு ஸ்டெபிலைசேஷனையோ கேமரா பதிந்த அசைவுத் தகவலை வைத்து எடிட்டிங்கில் செய்யும் கைரோ ஸ்டெபிலைசேஷனையோ நம்பி எடுப்பதானால் 1/50 போதாது. கை ஆடிய அந்த 1/50 வினாடியின் இழுவை ஒவ்வொரு ஃபிரேமிலும் பதிந்துவிடுகிறது. மென்பொருள் ஃபிரேமை நிறுத்திவிடும், இழுவையை எடுக்க முடியாது. அதுதான் முதலில் சொன்ன விட்டுவிட்டு மங்கல். 25 ஃபிரேமிலேயே 1/100 வைத்தால் பாதி குறையும், டியூப்லைட்டிலும் பட்டை வராது.

வெயிலில் நேர்மாறான சிக்கல். நண்பகல் மெரினாவில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, 1/50 என்றால் அப்பெர்ச்சர் (லென்ஸ் துவாரம்) எஃப் 22 வரை போக வேண்டும். எஃப் 2.8 வேண்டும் என்றால் ஒளியை 6 ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் பாதி) குறைக்க வேண்டும், அதாவது ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டரில் என்டி 64. கடையில் எளிதில் கிடைக்கும், திருகி அளவை மாற்றும் வேரியபிள் என்டி 2 முதல் 5 ஸ்டாப் வரைதான் வேலை செய்யும். அதோடு எஃப் 4தான் கிடைக்கும். நிறத்தை எடிட்டிங்கில் திருத்துவதற்கான லாக் முறையில் ஐஎஸ்ஓ 800 என்றால் 9 ஸ்டாப் தேவை. வேரியபிள் என்டியைக் கடைசி வரை திருகினால் அகல லென்ஸில் பெருக்கல் குறி போல நிழல் விழும். லென்ஸுக்கு ஒன்றாக வாங்காமல் 82 எம்எம் விட்டத்தில் நல்லதாக ஒன்றை வாங்கி, மற்ற லென்ஸ்களுக்குப் பெரிய ஃபில்டரை மாட்ட உதவும் ஸ்டெப்-அப் வளையம் போட்டுக்கொள்ளுங்கள்.

கிம்பல் எடுத்தே ஆக வேண்டும் என்றால்

3 கிலோ தாங்கும் என்று பெட்டியில் இருப்பதைப் பார்த்து 2.8 கிலோ ஏற்றாதீர்கள். எடையோடு நீளமும் முக்கியம். முன்பக்கம் நீண்ட லென்ஸ் மோட்டாரை அதிகம் இழுக்கும். சோனி ஏ7 மார்க் 4 பாடியும் 24-70 எம்எம் ஜிஎம் லென்ஸின் இரண்டாம் பதிப்பும் சேர்ந்தே ஏறத்தாழ 1.35 கிலோ. அதில் மைக், என்டி, பிளேட் எல்லாம் சேரும். ஜூம் செய்யும்போது அந்த லென்ஸ் நீளும். 24இல் செய்த பேலன்ஸ் 70இல் இருக்காது. நீளாமல் உள்ளேயே ஜூம் ஆகும் 16-35 எஃப் 4 பவர் ஜூம் 353 கிராம்தான். கிம்பலுக்கு அதுவே நிம்மதி.

பேலன்ஸ் செய்வதில்தான் அவசரப்படுகிறார்கள். பேட்டரி, கார்டு, என்டி, மைக் எல்லாம் மாட்டி, லென்ஸ் மூடியைக் கழற்றி, திரையைப் படம்பிடிக்கப்போகும் நிலையிலேயே வைத்து, மோட்டார் அணைந்திருக்கும்போது தொடங்குங்கள். முதலில் டில்ட் (மேல்-கீழ் சாய்வு): லென்ஸை நேராக வைத்துக் கையை எடுத்தால் நிற்க வேண்டும், வானத்தைப் பார்க்க வைத்தாலும் நிற்க வேண்டும். இரண்டாவதை விட்டுவிடுவதுதான் வழக்கமான குறை. பிறகு ரோல் (பக்கவாட்டுச் சாய்வு). கடைசியில் பேன் (இடம்-வலம் திருப்பம்): கைப்பிடியைப் படுக்கையாகப் பிடித்தால் கிம்பலின் கை சுற்றி விழக்கூடாது. இதைச் சரியாகச் செய்யாமல் மோட்டாரை ஓட்டினால் சூடேறும், பேட்டரி சீக்கிரம் இறங்கும், படத்தில் பொடி அதிர்வு வரும். அந்த அதிர்வைப் பார்த்து கிம்பல் கெட்டுவிட்டது என்று சர்வீஸுக்கு ஓடுகிறார்கள்.

கிம்பல் இல்லாமலும் நிறைய முடியும். கேமராவை எவ்வளவு இலேசாக்கலாம் என்று பார்க்காதீர்கள். எடை கூடி, அகன்று பரவினால் நடுக்கம் குறையும். 1970களில் ஒளிப்பதிவாளர் காரட் பிரவுன் உருவாக்கிய, உடம்பில் மாட்டும் ஸ்டெடிகேமின் அடிப்படையும் இதுதான். கேமராவைச் சுற்றி மாட்டும் ஒரு கேஜ், மேல் கைப்பிடி, பக்கக் கைப்பிடி போதும். முழங்கைகள் விலாவில், கழுத்துப் பட்டை இறுக்கமாக, கண் வியூஃபைண்டரில். ரிசப்ஷனில் மூன்று மணி நேரம் நிற்பவருக்கு கிம்பலைவிட, அடியில் சின்னக் கால்கள் வைத்த மோனோபாட் (ஒற்றைத் தண்டு) நல்லது. மயிலாப்பூர் அறுபத்துமூவர் கூட்டத்தில் இரண்டுக்கும் இடம் இருக்காது; அங்கே 24 எம்எம்மும் கைப்பிடியும்தான்.

ஏசி மண்டபத்திலிருந்து குளிர்ந்த லென்ஸோடு வெளியே வந்தால் கண்ணாடியில் பனி படியும். துடைத்தால் மேலும் பூசிக்கொள்ளும். மாப்பிள்ளை அழைப்புக்கு அரைமணி முன்பே பையை ஜிப் மூடியபடி வெளியே கொண்டுவந்து வையுங்கள். வீட்டில் லென்ஸ் இருக்கும் இடத்தின் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். தோல் பை வேண்டவே வேண்டாம். கடற்கரையில் எடுத்த அன்றே கிம்பலை லேசாக ஈரமான துணியால் துடைத்து உலர்த்துங்கள். மோட்டார் இடுக்கில் புளோயரால் ஊதினால் மணல் உள்ளே போகும்.

லென்ஸோ கிம்பலோ, வாங்கும் முன் சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் ஒருநாள் வாடகைக்கு எடுங்கள். உங்கள் பாடியில் மாட்டி பத்து வினாடி அசையாமல் நின்று எடுங்கள், இருபது அடி நடந்து எடுங்கள், மெதுவாக ஒரு பேன் செய்யுங்கள். கிளிப்பை லேப்டாப்பில் போட்டு, பேன் நிற்கும் இடத்தில் ஃபிரேம் பின்னால் இழுபடுகிறதா என்று பாருங்கள். இழுபட்டால் ஸ்டெபிலைசேஷனை அணைத்து அதே பேனை இன்னொரு முறை எடுங்கள்.