கேமரா அவர்கள் கையில்: போட்டோவாய்ஸ் ஆய்வு செய்வது எப்படி?

வறுமையில் வளரும் இளையோரின் மீண்டெழும் திறனை ஆராயப் போகிறவர்கள் பெரும்பாலும் கேள்வித்தாளோடுதான் கிளம்புகிறோம். ‘கஷ்டத்தை எப்படிச் சமாளிக்கிறாய்?’ என்று கேட்டால், பதினாறு வயதுப் பிள்ளை ‘அதெல்லாம் சமாளிச்சிடுவேன்க்கா’ என்று முடித்துவிடும். அதே பிள்ளை, தான் எடுத்த படத்தை முன்னால் வைத்தால் விடாமல் பேசும்.

இப்படி, ஆய்வில் பங்கேற்பவர்களே படம் எடுத்து, அதை வைத்துத் தங்கள் வாழ்க்கையைப் பேசும் முறைதான் போட்டோவாய்ஸ். 1990களில் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கிராமத்துப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்து இதை உருவாக்கினார்கள். முதன்முறையாகக் களத்துக்குப் போகும் சமூகப்பணி மாணவர்களை மனதில் வைத்துப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: ஆட்கள், ஒப்புதல்

ஏழு முதல் பத்துப் பேர் போதும். கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதி கைக்கு வந்தபிறகே ஆரம்பியுங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். பிள்ளையின் சம்மதமும் தனியே வேண்டும். படங்களை வெளியே காட்டுவதற்கான ஒப்புதலை, படங்கள் வந்தபிறகு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வாங்குங்கள். காப்பகங்களில் உள்ள பிள்ளைகள் என்றால் கூடுதல் கவனம் தேவை: அடையாளம் தெரியும்படி அவர்கள் படத்தை வெளியிடுவதை 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது.

படி 2: படம் எடுக்கும் முன் பேச்சு

முதல் சந்திப்பு முழுக்கப் பேச்சுதான். யாரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது? தெருவில் சண்டை நடக்கும்போது போனைத் தூக்கினால் என்ன ஆகும்? இதைப் பிள்ளைகளே நடித்துப் பார்க்கட்டும். முகம் இல்லாமல் கை, நிழல், செருப்பு, பாத்திரம் என்று எடுக்கப் பழக்குங்கள். போனில் லொகேஷனை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் வீடு இருக்கும் இடமும் படத்தோடு பதிவாகிவிடும்.

படி 3: எதை எடுக்கச் சொல்வது?

ஆய்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ‘உங்கள் வறுமையைப் படம் எடுங்கள்’ என்றால் ஒழுகும் கூரையும் சாக்கடையும்தான் வரும். கனடாவின் மைக்கேல் உங்கர் போன்ற ஆய்வாளர்கள், மீண்டெழுவதைத் தனி ஒருவரின் மனவுறுதியாக மட்டும் பார்ப்பதில்லை. தேவையானதைத் தேடிப் போகும் திறன் பிள்ளைக்கு வேண்டும். அதைக் கொடுக்கும் நிலையில் சூழலும் இருக்க வேண்டும் என்கிறார்கள். எனவே இப்படிக் கேளுங்கள்:

• மனசு சரியில்லாத நாளில் எங்கே போவாய்?
• உன்னைத் தாங்கிப் பிடிப்பது யார், எது?
• எது கிடைத்திருந்தால் இவ்வளவு அலைந்திருக்க மாட்டாய்?

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். அதை விட்டால், அரசும் பள்ளியும் செய்யத் தவறியதற்கும் பிள்ளையே பொறுப்பு என்பதுபோல் ஆய்வு முடிந்துவிடும். படம் எடுக்க ஒரு வாரம் கொடுங்கள்.

படி 4: படத்தை வைத்துப் பேசுதல்

ஒவ்வொருவரும் இரண்டு மூன்று படங்களைத் தாங்களே தேர்ந்தெடுக்கட்டும். பிறகு வரிசையாகக் கேளுங்கள்: இதில் என்ன தெரிகிறது? உண்மையில் என்ன நடக்கிறது? நம் வாழ்க்கைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஏன் இப்படி இருக்கிறது? என்ன செய்யலாம்?

ஓர் இஸ்திரி வண்டியின் படம் வருகிறது என்று வையுங்கள். தெருவோர உழைப்பு என்று நீங்கள் குறித்துக்கொள்வீர்கள். எடுத்தவளைக் கேட்டால், ‘வீட்ல சண்டைன்னா இந்த அண்ணா பக்கத்துல உக்காந்துதான் படிப்பேன். அவர் ஒண்ணும் கேக்க மாட்டார்’ என்பாள். ‘ஒண்ணும் கேக்க மாட்டார்’ என்ற அந்தச் சொற்கள்தான் உங்கள் தரவு. அவள் பேச்சை அவள் சொன்னபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். எடுக்க நினைத்தும் எடுக்க முடியாமல் போன படம் எது என்றும் கேளுங்கள். அழுகை வந்தால் ரெக்கார்டரை நிறுத்திவிடுங்கள். பேச ஓர் ஆலோசகரை முன்கூட்டியே ஏற்பாடு செய்து வையுங்கள்.

படி 5: தொகுத்தல், காட்சி

பேச்சை எழுத்தாக்கி, திரும்பத் திரும்ப வருவதைத் தலைப்புகளாகப் பிரியுங்கள். அந்தத் தலைப்புகளைப் பிள்ளைகளிடம் காட்டி, சரிதானா என்று கேளுங்கள். அவர்கள் மாற்றச் சொன்னால் மாற்றுங்கள்.

கடைசியாக, அவர்கள் பகுதியிலேயே ஒரு கண்காட்சி. கவுன்சிலரையும் தலைமையாசிரியரையும் கூப்பிடுங்கள். படத்தை எடுத்தவர்களே விளக்கட்டும். முந்தின நாள் யாராவது ‘என் படம் வேண்டாம்’ என்றால் காரணம் கேட்காமல் அதை நீக்கிவிடுங்கள். பிரின்ட் போட்ட படங்கள் அவரவர் வீட்டுக்குப் போக வேண்டும். அந்தச் செலவை முதலிலேயே பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள்.