கடைமடை ஊருக்கு குடி வர்றீங்களா, மொதல்ல தண்ணியப் பாக்கப் பழகுங்க

எங்க ஊரு முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு வடக்கால, மேப்ல பெருசு பண்ணிப் பாத்தாலும் பச்சையும் நீலமும்தான் தெரியும். டீச்சர் போஸ்டிங், நர்ஸ் போஸ்டிங், இல்ல கல்யாணம் கட்டிக்கிட்டுன்னு வருஷத்துக்கு ரெண்டு மூணு பேராவது புதுசா வர்றாங்க, வந்த பத்தாவது நாளே "சுத்தி இவ்ளோ தண்ணி இருக்கு, குடிக்க ஒரு சொட்டு இல்லியே"ன்னு கேப்பாங்க. கேள்வி கரெக்ட்டுதான். காவேரியோட கிளை ஆறுங்க கடல்ல கலக்குற கடைசி முனை இது, மேட்டூர்ல ஜூன் 12ஆம் தேதி தண்ணி தொறந்தாலும் எங்களுக்கு வந்து சேர்றது எல்லாரும் குடிச்ச மிச்சம், ஆனா மழைக்காலத்துல மேல உள்ள ஊரோட வடிகால் தண்ணி மட்டும் மொத்தமா எங்க தலையிலதான் வந்து விழும்.

அதனால இங்க வந்தா பாக்க வேண்டியது ரெண்டு விஷயம். தண்ணி உப்பா நல்லதா, தண்ணி வருதா போகுதா. இத கத்துக்கிட்டா பாதி பொழப்பு முடிஞ்சுது.

குடிதண்ணி மொதல்ல. கைப்பம்ப அடிச்சு வர்ற தண்ணில சோப்பு நுரைக்கலேன்னா, பருப்பு ஒரு மணி நேரம் வெச்சும் கல்லு மாதிரி கெடந்தா அது உப்புத்தண்ணி, பாத்திரம் கழுவ மட்டும் வெச்சுக்குங்க. கொள்ளிடத்துலேர்ந்து பைப்புல வர்ற தண்ணிதான் குடிக்க, அது எப்ப வரும்னு எந்த அறிவிப்பும் கெடையாது, தெருவுல எந்த வீட்டு அக்கா விடியக்காலம் முழிப்பாங்கன்னு பாத்து பழக்கம் புடிச்சுக்குங்க, "குழாய்ல தண்ணி வருது"ன்னு ஒரு குரல் குடுப்பாங்க. கொடம் எத்தன வெச்சிருக்கீங்கன்னு கேட்டா நாங்க எட்டுன்னு சொல்லுவோம், நீங்க நாலுலயாவது ஆரம்பிங்க.

மழைத்தண்ணியும் புடிக்கலாம். மொத ரெண்டு மழைய விட்டுருங்க, ஓட்டு மேல இருக்குற தூசி காக்கா எச்சம் எல்லாம் அதுலதான் வரும். அப்பறம் டிரம் வாய்ல பழைய வேட்டிய ரெண்டா மடிச்சு இறுக்கி கட்டிட்டு புடிங்க, அந்தத் துணி கொசு முட்டையிடாமயும் காப்பாத்தும். பைப்பு வராத நாள்ல கொளத்துத் தண்ணிதான், அது கலங்கலா டீ கலர்ல இருக்கும், பயப்படாதீங்க. எங்க அப்பாயி செஞ்சது இது: தேத்தாங்கொட்ட ஒண்ண எடுத்து மண்பானை உள்பக்கமா, கொஞ்சம் தண்ணி தொட்டுக்கிட்டு, சந்தனம் ஒரசுற மாதிரி நாலு சுத்து நல்லா ஒரசும், வெள்ளையா ஒரு பசை மாதிரி ஒட்டும், அது மேல தண்ணிய ஊத்தி மூடி வெச்சிரும். காலைல பாத்தா சேறு பூரா அடில படிஞ்சு மேல கண்ணாடி மாதிரி நிக்கும். அடி கலங்காம மேலாப்புல மட்டும் மொண்டு துணில வடிகட்டி, கண்டிப்பா கொதிக்க வைங்க. தேத்தாங்கொட்ட கலங்கலத்தான் எடுக்கும், கிருமிய எடுக்காது, இத மட்டும் அப்பாயி சொல்லிக்குடுக்கல, வயித்தால போயி நாங்களே கத்துக்கிட்டோம்.

அடுத்து நடக்குறது. சிரிக்காதீங்க. எங்க மண்ணு களிமண்ணு, கோடைல கை நொழையுற அளவுக்கு வெடிக்கும், ஒரு மழை பேஞ்சா ஒவ்வொரு செருப்புலயும் ஒரு கிலோ ஒட்டும். வந்த அன்னிக்கே ஒருத்தர் உங்கள்ட்ட "தம்பி, செருப்ப கையில எடுத்துக்கிட்டு வா"ன்னு சொல்லுவாரு, கேட்டுக்குங்க. வரப்புல கால் கட்டவெரல ஊனி ஊனி நடக்கணும், குதிகால வெச்சா வழுக்கி வயல்லதான் கெடப்பீங்க. சைக்கிள்ல மட்கார்ட கழட்டிருங்க, இல்லாட்டி நூறு அடிக்கு ஒருதரம் எறங்கி குச்சியால மண்ணு நோண்டணும். ராத்திரி காலக் கழுவி வெரலிடுக்க தொடைக்காம படுத்தா சேத்துப்புண்ணு வரும், நடவுக்குப் போறவங்க மருதாணி அரைச்சு வெரலிடுக்குல வெச்சுக்குவாங்க, நானும் வெச்சிருக்கேன், எரிச்சல் கொறையும். ஆனா கால்ல வெட்டுக்காயத்தோட வெள்ளத்துல எறங்கிட்டு அப்பறம் காய்ச்சலும் கெண்டக்கால் வலியும் வந்தா எலிக்காய்ச்சலா இருக்கலாம், மாத்திரை போட்டுக்கிட்டு படுக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க.

பாம்பு. மழை புடிச்சா வயல்ல இருக்குற எலி, தவளை எல்லாம் மேட்டுக்கு ஏறும், அது பின்னாடியே பாம்பும் ஏறும், எங்க ஊர்ல மேடுன்னா அது உங்க வீட்டு வாசப்படிதான். கட்டுவிரியன் ராத்திரிதான் வரும், தரைல படுத்திருக்கவங்களத்தான் கடிக்கும், கடிச்ச எடத்துல பெருசா வலியே இருக்காது அதான் மோசம். கட்டில்ல படுங்க, கொசுவலைய பாய்க்கு அடில நல்லா சொருகுங்க, கொசுவலை கொசுக்கு மட்டுமில்ல. கடிச்சிருச்சுன்னா கயிறு கட்டுறது, கீறி விடுறது, மந்திரிக்கிறது எதுவும் வேணாம், கால ஆட்டாம நேரா அரசு ஆஸ்பத்திரிக்கு. குடி வந்த மொத வாரமே தெருவுல யார்ட்ட கார் இருக்கு, எந்த ரோடு மொதல்ல முழுகும்னு ரெண்டையும் கேட்டு வெச்சுக்குங்க. போன தடவ எங்க தெருவுல ஒரு பையன கூட்டிட்டு பாதி வழி போனப்பறம்தான் பாலத்தடில தண்ணி நிக்குதுன்னு தெரிஞ்சுது, திரும்பி சுத்திப் போக முக்கா மணி நேரம் போச்சு, பையன் பொழச்சுக்கிட்டான்.

இப்ப முக்கியமானது, தண்ணி வருதா போகுதா. ஐப்பசி கார்த்திகைல வடிகால் வாய்க்கா கரைக்கு தெனமும் ஒருதரம் போங்க. ஒரு பூவரச எலைய கிள்ளிப் போடுங்க. கடல் பக்கம் போச்சுன்னா நிம்மதியா தூங்கலாம். நின்ன எடத்துலயே சுத்துச்சுன்னா கீழ எங்கயோ ஆகாயத்தாமரையும் நெய்வேலி காட்டாமணக்கும் அடைச்சிருக்கு, நாலு பேர சேத்துக்கிட்டு அருவாளோட போகணும், நீர்வளத்துறைக்கு மனு குடுக்கலாம்தான், அதுக்குள்ள பயிர் அழுகிரும். எலை ஊர் பக்கமா திரும்பி வந்துச்சுன்னா ஓதம் ஏறுது, கடல் உள்ள தள்ளுது. எங்க கடக்கரைல ஓதம் ஒரு மீட்டர்கூட ஏறாது, ஆனா நிலம் தாம்பாளம் மாதிரி கெடக்கே, அரை அடியே போதும். அமாவாசை இல்லாட்டி பௌர்ணமி, கூடவே கடக்காத்து, அதோட மழை, இது மூணும் ஒண்ணா சேந்தா அன்னிக்கு தண்ணி வடியாது. நெல்லு மூட்டை, அடுப்பு, வெறகு, பாடப்புஸ்தகம் எல்லாத்தையும் சாயங்காலமே பரண் மேல ஏத்திருங்க. ஆதார், ரேஷன் கார்டு, பட்டா, சர்டிபிகேட்டு இதெல்லாம் ரெண்டு பாலிதீன் கவர்ல போட்டு, எவர்சில்வர் தூக்குல வெச்சு மூடி, உத்தரத்துல கட்டுங்க.

புயல்னு சொன்னா பரண் எல்லாம் பத்தாது. கஜா 2018 நவம்பர் 16 விடியக்காலம் அடிச்சப்ப எங்க தோப்புல ஒரு தென்னை மிஞ்சல, கூரை எங்க போச்சுன்னே தெரியல, கரண்ட் வர வாரக்கணக்குல ஆச்சு. அதனால ஸ்கூலுக்கோ புயல் மையத்துக்கோ போங்கன்னு சொன்னா வெளிச்சத்துலயே போயிருங்க, மாட்ட அவுத்து விட்டுட்டுப் போங்க, கட்டிப் போட்டா அது அங்கயேதான் சாகும். நடுவுல காத்து திடீர்னு நின்னாலும் வெளில வராதீங்க, புயலோட கண்ணு கடக்குதுன்னு அர்த்தம், அடுத்த காத்து எதிர்ப்பக்கத்துலேர்ந்து அடிக்கும்.

பயமுறுத்திட்டேன் போல. தண்ணி வந்தா மீனும் வரும்ங்க, வயல் மடைல ஊத்தாக் கூடை போட்டு கெளுத்தி, வெரால் புடிக்கலாம், நத்தைகுத்தி நாரை கூட்டமா எறங்குற வயல்ல நத்தை கெடக்கும், பசங்க கூட போனா ஒரு சாயங்காலம் போறதே தெரியாது. கெளுத்தி முள்ளு குத்துனா வலி உயிர் போகும், அந்த மீன மட்டும் பெருசுங்கள எடுக்க விடுங்க.

கடைசியா வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டா செய்ய வேண்டியது. தண்ணி பூரா வடியட்டும் அப்பறம் கழுவலாம்னு உக்காந்துறாதீங்க. கணுக்கால் அளவுக்கு எறங்குனதுமே வெளக்குமாத்த எடுத்து, சேத்த அந்தத் தண்ணிலயே கலக்கி கலக்கி வாசப் பக்கமா தள்ளுங்க, எறங்குற தண்ணியே இழுத்துட்டுப் போயிரும். விட்டீங்கன்னா மறுநாள் தரைல ரெண்டு இஞ்ச் களிமண் சிமெண்ட் மாதிரி காஞ்சு கெடக்கும், மம்பட்டி போட்டுத்தான் வெட்டணும், கழுவறதுக்கு நல்ல தண்ணி அப்பவும் பைப்புல வந்திருக்காது.