கையளவு குதிரைக்கு நிஜக் குதிரை நிறம்

பிரவுன் ஒன்று, கறுப்பு ஒன்று என்று டியூப் வாங்கி அப்படியே பூசினால் பொம்மைக்கு உயிர் வராது. டியூபிலிருந்து பிதுக்கிய நிறம் எந்தக் குதிரை மேலும் இல்லை. ஐந்து அக்ரிலிக் டியூப் போதும்: பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), பர்ன்ட் அம்பர் (அடர்பழுப்பு), யெல்லோ ஆக்கர் (மண்மஞ்சள்), டைட்டானியம் வெள்ளை, அல்ட்ராமரின் நீலம். கறுப்பு வாங்கவே வேண்டாம். அம்பர் இரண்டு பங்கு, அல்ட்ராமரின் ஒரு பங்கு கலந்தால் வரும் கறுப்புதான் ரோமத்துக்குப் பொருந்தும்.

அதிகம் பேர் கேட்பது கறுப்புப் பிடரியோடு நிற்கும் செம்பழுப்புக் குதிரை. பிரைமர் என்ற அடிப்பூச்சு காய்ந்ததும் ஆக்கரும் வெள்ளையும் சரிபாதி கலந்து உடம்பு முழுக்க அடியுங்கள். அதன்மேல் சியன்னா மூன்று பங்கு, அம்பர் ஒரு பங்கு. பால் பதத்துக்குத் தண்ணீர் விட்டு மெல்லிசாக நான்கு கை, அதாவது நான்கு பூச்சு. வயிறு, தொடையின் உள்பக்கம் இரண்டே கை. அடியிலுள்ள மஞ்சள் அங்கே கசிந்து தெரிவதில்தான் ரோமத்தின் சூடு இருக்கிறது. கெட்டியாக ஒரே கையில் முடித்தால் தசை மடிப்பெல்லாம் அடைபட்டுப்போகும். காலில் கறுப்பை சாக்ஸ் மாட்டியதுபோல் கோடு கட்டி நிறுத்தாதீர்கள். முட்டிக்குச் சற்று மேலே, கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கரையவிடுங்கள். காது விளிம்பிலும் கறுப்பு உண்டு. பலரும் மறப்பது இதைத்தான்.

செவலைக்கு எங்குமே கறுப்பு ரோமம் கிடையாது. பிடரியும் வாலும் உடம்பு நிறம், அல்லது அதைவிட வெளிர்.

வெள்ளைக் குதிரை என்று நாம் சொல்வதில் பெரும்பாலானவை கருமையாகப் பிறந்து வயதோடு வெளுத்தவை. ரோமம்தான் வெள்ளை, தோல் கறுப்பு. ஆகவே மூக்கு நுனியிலும் கண்ணைச் சுற்றியும் சாம்பல் தெரிய வேண்டும். உடம்புக்கும் சேலம் சுண்ணாம்புக்கரட்டு வெள்ளைக் கல் மாதிரி பளீர் வெள்ளை வேண்டாம். துளி அம்பர் சேருங்கள். பஞ்சகல்யாணியில் நாலு காலிலும் முகத்திலும் உள்ள வெள்ளைக்கு அடியில் தோல் இளஞ்சிவப்பு. அந்த வெள்ளை மூக்குவரை இறங்கினால் அங்கே வெள்ளையில் துளி சியன்னா கலந்து தொடுங்கள். வெள்ளைக் காலின் குளம்பு பெரும்பாலும் வெளிர் மஞ்சள் கலந்த கொம்பு நிறம்.

உருவம் சிறுத்தால் நிறம் இருட்டாகத் தெரியும். அக்ரிலிக் காய்ந்தாலும் ஒரு படி கறுக்கும். அதனால் கலவை கொஞ்சம் வெளிறியே இருக்கட்டும். அதே பிரைமர் அடித்த அட்டைத் துண்டில் தீட்டிக் காயவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப்லைட்டில் பார்த்துச் சேர்த்த சிவப்பு பகலில் அதிகமாகிவிடும்.

சேலத்துச் சித்திரை வெயிலில் பெயிண்ட் பிரஷ்ஷிலேயே காய்ந்து வரிவரியாக இழுக்கும். டிபன் பாக்ஸ் மூடியில் ஈரத்துணி, அதன்மேல் பட்டர் பேப்பர் விரித்துக் கலந்தால் பதம் நிற்கும். ஏற்காட்டில் பிரச்சனை நேர்மாறு. பனிமூட்டத்தில் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தால் ஈரம் கலந்து குதிரை மேல் வெண்படலம் பூக்கும். வெயில் ஏறியபின் அடியுங்கள். பூத்துவிட்டால், நன்றாகக் காயவிட்டு கிளாஸ் (gloss, பளபளப்பான) வார்னிஷ் மெல்லிசாக ஒரு கை பூசினால் பெரும்பாலும் தெளியும். உலர்ந்த நாளில் மறுபடி மேட்.

கண் கடைசியில். ஐயனார் கோயில் மண்குதிரைக்கு விழி உருண்டு வெள்ளை தெரிவதுதான் அழகு. நிஜக் குதிரையில் சாதாரணமாக வெள்ளை தெரியாது. கண் முழுக்க அடர்பழுப்பு, நடுவில் கிடைமட்டமாகக் கறுப்புப் பாவை, மேட் எல்லாம் காய்ந்தபின் அங்கே மட்டும் ஒரு சொட்டு கிளாஸ்.