பைத்தானில் பட்டியலை வரிசைப்படுத்துவது எப்படி?

வரிசைப்படுத்தும்போது பைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்த இரண்டு உறுப்புகளில் எது சிறியது? எதை வைத்து ஒப்பிட வேண்டும் என்பதை நாம் சரியாகச் சொல்லிவிட்டால், மீதி வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

படி 1: [42, 7, 19] என்ற பட்டியலை ‘சார்ட்டட்’ ஃபங்ஷனிடம் கொடுத்தால் [7, 19, 42] என்ற புதிய பட்டியல் கிடைக்கும், பழையது அப்படியே இருக்கும். ‘சார்ட்’ மெத்தடோ மூலப் பட்டியலையே மாற்றியமைத்துவிட்டு, ‘நன்’ என்ற வெற்று மதிப்பைத் திருப்பித் தரும். அந்த மதிப்பை அதே மாறியில் இட்டால் பட்டியலே கைநழுவிப் போகும் என்பதால், தொடக்கநிலையில் ‘சார்ட்டட்’ பாதுகாப்பானது.

படி 2: உறுப்புகள் ஒப்பிடத்தக்கவையா என்று பாருங்கள். எண்ணும் சரமும் (மேற்கோள் குறிக்குள் வரும் எழுத்துத் தொடர்) கலந்திருந்தால் பைத்தான் 3 ‘டைப் எரர்’ காட்டி நின்றுவிடும். பிழை காட்டாமலே தவறான வரிசை வருவதுதான் உண்மையில் ஆபத்தானது. கோப்பிலிருந்து படித்த "9", "10", "100" ஆகியவை சரங்களாகவே இருந்தால், அவை முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிடப்பட்டு "10", "100", "9" என்று வரும்.

படி 3: இதற்கான தீர்வு, பட்டியலோடு சேர்த்து ‘சார்ட்டட்’டிடம் நாம் தரக்கூடிய ‘கீ’ என்னும் அளவுரு. அதற்கு நாம் தரும் ஃபங்ஷன் ஒவ்வொரு உறுப்பின்மீதும் ஒரு முறை இயங்கும். அதன் விடைகளே ஒப்பிடப்படும். ‘இன்ட்’ என்று கொடுத்தால் மேலே உள்ள சரங்கள் எண் மதிப்பின்படியும், ‘லென்’ என்று கொடுத்தால் சொற்கள் நீளத்தின்படியும் அமையும். தமிழ்ச் சொற்களுக்கு ‘கீ’ இன்னும் அவசியம். பைத்தான் எழுத்துகளை ஒப்பிடுவது, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடு முறையின்படிதான். யூனிகோடில் ‘ன’ என்ற எழுத்து ‘ந’வை அடுத்தே வைக்கப்பட்டிருப்பதால், அகராதியில் பின்னால் வர வேண்டிய ‘மனம்’, ‘மரம்’ என்ற சொல்லுக்கு முன்னால் வந்து நிற்கும். எழுத்துகளுக்கும் துணைக்குறிகளுக்கும் அகராதி முறைப்படி வரிசை எண் கொடுத்து, சொல்லை அந்த எண்களின் பட்டியலாக மாற்றித் தரும் சிறு ஃபங்ஷனை எழுதி ‘கீ’யாகக் கொடுத்தால் இது சரியாகும்.

படி 4: மதிப்பெண் இறங்குவரிசையில் இருக்க வேண்டும், மதிப்பெண் சமமாக இருந்தால் பெயர் ஏறுவரிசையில் வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பெயரை வைத்து வரிசைப்படுத்துங்கள். கிடைத்த பட்டியலை ‘ரிவர்ஸ்’ அளவுருவுக்கு ‘ட்ரூ’ தந்து மதிப்பெண்படி மீண்டும் வரிசைப்படுத்துங்கள். டிம் பீட்டர்ஸ் 2002-இல் பைத்தானுக்காக உருவாக்கிய டிம்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறை, சமமான உறுப்புகளின் முந்தைய வரிசையைக் கலைக்காது என்பதால் பெயர் வரிசை நிலைத்திருக்கும். மதிப்பெண்ணுக்கு முன் கழித்தல் குறியிட்டு, அதையும் பெயரையும் ஒரு டப்பிளாக (அடைப்புக்குறிக்குள் சேர்த்த மதிப்புத் தொகுப்பாக) ‘கீ’யில் தந்தால் ஒரே முறையில் முடியும், ஆனால் சரங்களுக்குக் கழித்தல் குறி இட முடியாதாகையால், அங்கே இரண்டு முறை வரிசைப்படுத்துவதே எளிது.