லேப்டாப் இல்லாமல் ஒலிக்கும் எலக்ட்ரானிக் டிரம்ஸ்: டீன்சி 4.1 வைத்துச் செய்வது எப்படி?

குச்சியால் தட்டியதும் ஹெட்போனில் சத்தம் வர வேண்டும், நடுவில் லேப்டாப் இருக்கக் கூடாது. ஆர்டுயினோ ஊனோ என்ற சிறிய புரோகிராம் போர்டு, தட்டலை மிடியாக (எந்த ஒலி, எவ்வளவு பலம் என்று மட்டும் சொல்லும் சிக்னலாக) அனுப்ப நன்றாக உதவும். ஆனால் நல்ல தரத்தில் ஒலியையும் அதுவே தர வேண்டும் என்றால் திணறும். என் தேர்வு அதைவிட வேகமான டீன்சி 4.1 போர்டு, அதன் மேல் ஹெட்போனுக்கு ஒலி தரும் ஆடியோ ஷீல்டு ரெவ் டி. விலை கூடுதல்தான், ஆனால் அதன் ஆடியோ லைப்ரரிக்காகவே (ஒலிக்கான தயார்நிலை புரோகிராம் தொகுப்பு) வாங்கலாம்.

பேட் (குச்சியால் தட்டும் பலகை): பிளைவுட், அதன் மேல் அதிர்வை மின்சாரமாக மாற்றும் 35 மிமீ பீசோ தகடு, அதன் மேல் ஸ்பாஞ்ச், கடைசியாக ரப்பர் ஷீட். வயர் ஏற்கெனவே பற்றவைத்த பீசோவாக வாங்குங்கள். வெள்ளைப் பகுதியில் சூடு அதிகமானால் பூச்சு உரிந்துவிடும்.

வயரிங்: பீசோவின் இரு முனைகளுக்கும் குறுக்கே 1 மெகா ஓம். சிவப்பு வயரிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக அனலாக் பின்னுக்கு, கறுப்பு வயர் கிரவுண்டுக்கு. அந்த அனலாக் பின் இருக்கும் பக்கத்தில் இரண்டு BAT85 டயோடுகள் கட்டாயம்: ஒன்று 3.3 வோல்ட்டுக்கு, இன்னொன்று கிரவுண்டுக்கு. பலமாக அடித்தால் பீசோ 3.3 வோல்ட்டைத் தாண்டும், எதிர்த்திசையிலும் பாயும். டீன்சி அதைத் தாங்காது. ஏ4, ஏ5, ஏ6, ஏ7, ஏ9 பின்களை ஷீல்டு எடுத்துக்கொள்வதால் ஏ0, ஏ2, ஏ3, ஏ8 இவற்றில் தொடங்குங்கள்.

ஒலி: எஸ்டி கார்டிலிருந்து வாசிப்பதை நான் விரும்புவதில்லை, தாமதம் கூடும். ஒலிக் கோப்பை எண் பட்டியலாக (அரே) மாற்றும் வேவ்2ஸ்கெட்ச் மூலம் மோனோ ஒலிகளை டீன்சியின் ஃபிளாஷ் நினைவகத்திலேயே வைத்துவிடலாம். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் ஒரு நொடிக்கு சுமார் 88 கிலோபைட். டிரம் ஒலிகளுக்கு அந்த ஃபிளாஷின் 8 மெகாபைட் தாராளம். அரே வரியில் ப்ரோக்மெம் (PROGMEM, ஃபிளாஷிலேயே வை என்று சொல்லும் சொல்) இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ராமை விழுங்கிவிடும்.

தட்டலைப் படிப்பது: நிதானம் தேவைப்படுவது இங்கேதான். அனலாக் பின் தரும் வாசிப்பு (0 முதல் 1023 வரை) 40 என்ற எல்லையைத் தாண்டியதுமே ஒலியை ஓடவிட்டால் எல்லா அடியும் மெல்லிய அடியாகவே கேட்கும், ஏனென்றால் உச்சம் அதற்குப் பிறகுதான் வரும். அதனால் 40ஐத் தாண்டியதும் 2 மில்லிநொடி தொடர்ந்து படித்து, கிடைத்த மிகப் பெரிய எண்ணை 1023ஆல் வகுத்து அதையே ஒலியளவாகக் கொடுங்கள். அப்புறம் 40 மில்லிநொடி அந்த பேடைக் கண்டுகொள்ளக் கூடாது. அதன் பிறகும் ரப்பர் அதிர்ந்துகொண்டிருக்கும்; ஒரே அடி இரண்டாகக் கேட்பது அதனால்தான். அந்த 40 மில்லிநொடியை 100 ஆக்கினால் வேகமான ரோலில் அடிகள் விழுங்கப்படும். அதைவிட, வாசிப்பின் எல்லையை உச்சத்தின் பாதியில் தொடங்கி மெல்ல 40க்கு இறக்குவதே நல்ல வழி. டிலே கட்டளை எங்குமே வேண்டாம், ஒரு பேடுக்காகக் காத்திருக்கும்போது மற்றவை செவிடாகிவிடும். கடந்த நேரத்தைத் தானே எண்ணும் எலாப்ஸ்ட்மைக்ரோஸ் (elapsedMicros) போதும்.

ஆடியோ லைப்ரரி 128 சாம்பிள் கட்டுகளாக ஓடுகிறது, அதாவது 2.9 மில்லிநொடிக்கு ஒரு கட்டு. எல்லாம் சேர்ந்தும் தாமதம் 10 மில்லிநொடிக்குள் அடங்கும்.

பிற்சேர்க்கை: கிக் (பெரிய டிரம்) பேடை அடித்தால் ஸ்னேர் (சிறிய டிரம்) பேடும் சேர்ந்து ஒலிக்கிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். முதலில் பேடுகளை ஒரே கம்பியில் இறுக்கமாக மாட்டாமல் இடையில் ரப்பர் வாஷர் போடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால், ஒரு பேட் பலமாக ஒலித்த 5 மில்லிநொடிக்குள் வேறு பேடில் அதன் கால்பங்குக்கும் குறைவாக வரும் சிக்னலைப் புரோகிராமில் ஒதுக்கிவிடுங்கள். ஸ்னேர் ரோலில் முந்தைய ஒலி வெட்டுப்படுகிறது என்றால், ஸ்னேருக்கு மட்டும் ஆடியோ லைப்ரரியில் இரண்டு பிளேயர்களை (ஒலியை ஓட்டும் பகுதிகள்) வைத்து மாற்றி மாற்றி ஓட்டுங்கள்.